மாரியில் விராலுக்குப் புண், கோடையில் கட்லாவில் நூல்புழு: எங்கள் குளத்து மீனுக்கு என்ன நடக்கிறது?

ஒட்டுசுட்டான் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம், ஒரு சின்னக் குளத்துக்குக் கிட்ட இருக்கிறேன். முத்தையன்கட்டு மாதிரிப் பெரிய குளம் இல்லை. மாரியில் ஒரு பத்து நாள் வான் பாயும், ஆவணி புரட்டாதியில் நடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும், சுற்றிவரச் சேறு வெடித்துக் கிடக்கும். அப்பா சின்ன வயதிலிருந்தே அதில் வலை போடுகிறவர். படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருடமாக நானும் அவரோடு போகிறேன்.

போன புரட்டாதியில் பிடித்த கட்லா, ரோகு பலவற்றின் உடம்பில் நூல் நூலாக ஏதோ தொங்கியது. ஒரு அங்குலம்கூட வராது. முதலில் வலை நூல் என்றுதான் நினைத்தேன், இழுத்தால் வரவில்லை, பலமாக இழுத்தபோது அறுந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் செதிள் தூக்கி, சுற்றிச் சிவப்பாக இருந்தது. நூலின் நுனியில் இரண்டு குட்டி வால் மாதிரிப் பிரிந்திருந்தது.

மழை வந்ததும் அது குறைந்தது, சரி போய்விட்டது என்று இருந்தோம். இப்போது மார்கழிக் கடைசியிலிருந்து விராலில் புண். முதலில் தோலில் சிவப்புத் திட்டு, பிறகு நடுவில் குழி. நேற்றுக் கரையோரம் ஒரு விரால் நின்றது, ஒரு கிலோ வரும். விலாவில் என் பெருவிரல் போகும் அளவுக்கு ஓட்டை, உள்ளே முள் தெரிகிறது, ஆனால் உயிரோடு நிற்கிறது. தடியால் தொட்டேன், ஓடவில்லை. விரால் தொட்டால் ஓடாமல் நிற்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

எனக்கு விளங்காத விஷயம், அதே வலையில் வந்த திலாப்பியாவில் ஒரு கீறல்கூட இல்லை. ஊரில் சிலர் வயலுக்கு அடிக்கும் மருந்து என்கிறார்கள், சிலர் குஞ்சு கொண்டுவந்து விட்டதால் வந்தது என்கிறார்கள், நீர்க்காகத்தின் வேலை என்கிறவர்களும் உண்டு. சந்தையில் எங்கள் குளத்து மீன் என்றால் ஆட்கள் திலாப்பியாவையும் சேர்த்து ஒதுக்குகிறார்கள், அம்மாவும் கறி வைக்கப் பயப்படுகிறா. இது என்ன, ஏன் வருகிறது, நாங்கள் ஏதாவது செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வவுனிக்குளத்தான்:

தம்பி, உங்கள் விராலுக்கு வந்ததை நான் முன்பு பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு மாரிக்கு எங்கள் பக்கம் இப்படித்தான் வந்தது. விரால், குறவை, சின்னக் கெண்டை எல்லாம் புண்ணோடு மிதந்தன. கரையில் நாற்றம் தாங்க முடியாமல் குளிக்கவும் போகவில்லை. அப்போதும் திலாப்பியா தப்பியது. போர்க்காலத்து மருந்து ஏதோ தண்ணீரில் கலந்துவிட்டது என்றுகூடக் கதைத்தார்கள், ஆட்கள் பல மாதம் குளத்து மீனே வாங்கவில்லை, நாங்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கூலிக்குப் போனோம். மாசி வெயில் ஏற ஏறத் தானாக நின்றது. பிறகு பிடித்த விரால்களில் பழைய புண் ஆறிய தழும்பு இருந்தது, இன்றைக்கும் அந்தத் தழும்பு என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகும் இடைக்கிடை வந்திருக்கிறது, எல்லா வருடமும் இல்லை. நல்ல குளிர் விழுந்த மாரிக்கு வரும். கோடையில் புண் பிடித்த விராலை நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஏன் என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.


நுணுக்குக்காட்டி:

தம்பி, நீங்கள் நுனியில் இரண்டு வாலையும் திலாப்பியா தப்பியதையும் கவனித்துச் சொன்னதால் பாதி வேலை குறைந்துவிட்டது. நான் கடற்றொழில் விஞ்ஞானம் படித்தவள், சில வருடம் மீன் நோய்களோடுதான் வேலை. மீனைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது, ஆனாலும் நீங்கள் சொல்கிற அடையாளங்கள் தெளிவாக இருக்கின்றன. இரண்டும் இரண்டு வேறு விஷயம், இரண்டுக்கும் பின்னால் இருக்கும் காரணம் ஓரளவு ஒன்று.

கோடையில் பார்த்தது பெரும்பாலும் லேர்னியா, நங்கூரப் புழு என்பார்கள். பெயர்தான் புழு, உண்மையில் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. பெண் மட்டும்தான் மீனின் தசைக்குள் தலையைப் புதைக்கும், தலை உள்ளே போய் நங்கூரம் மாதிரிக் கிளை விடும், அதனால்தான் இழுத்தால் அறுகிறதே தவிர வருவதில்லை. நீங்கள் பார்த்த இரட்டை வால் அதன் முட்டைப் பைகள். முட்டை பொரித்து வரும் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி வேறு மீனைத் தேடும். 25 முதல் 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று கிழமையில் ஒரு தலைமுறை முடிந்துவிடும், குளிரில் அது இழுபடும். இப்போது புரட்டாதிக் குளத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் சூடு, பத்தில் ஒரு பங்கு இடத்தில் அவ்வளவு மீனும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் குஞ்சுக்கு மீனைத் தேட வேண்டிய தேவையே இல்லை, எந்தப் பக்கம் நீந்தினாலும் மீன்.

அடுத்தது மீனின் பக்கம். சூடான தண்ணீரில் ஒக்சிசன் குறைவாகத்தான் கரையும். 20 பாகையில் ஒரு லீற்றருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்கும், 30 பாகையில் ஏழரைதான், அதுவும் சுத்தமான தண்ணீரில். பாசி பிடித்த குளத்தில் இரவெல்லாம் பாசியும் சேறும் சேர்ந்து இழுக்க, விடியப்புறம் 2, 3 வரை இறங்கிவிடும். கோடையில் விடியமுன் வலைக்குப் போகும்போது கட்லா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்திருப்பீர்கள், அது மூச்சுத் திணறல். இப்படி நாள் கணக்கில் நிற்கிற மீனின் உடம்பில், நெருக்கடியில் சுரக்கிற கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் ஏறும். கொஞ்ச நேரத்துக்கு ஏறினால் அது நல்லது, தப்பி ஓட உதவும். கிழமைக் கணக்கில் ஏறியே நின்றால் நோயை எதிர்க்கிற சக்தி விழும், தோலின் வழுவழுப்பு கெடும், தின்பதும் குறையும். மனிதருக்கும் அப்படித்தானே, ஓய்ச்சல் இல்லாமல் கஷ்டப்படுகிற ஆளுக்குத்தான் காய்ச்சல் வந்தால் போக மாட்டாமல் நிற்கும்.

விராலின் புண்ணுக்கு வருவோம். இதைப் பரவும் புண் நோய் என்கிறோம். முதலில் பதிவானது 1971 இல் ஜப்பானில், பிறகு அவுஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா என்று வந்து 1987 கடைசியில் இலங்கைக்குள் நுழைந்தது. வவுனிக்குளத்து ஐயா சொன்ன மாரி அதை ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும். ஐயா, உங்கள் ஞாபகத்தில் உள்ளது அவ்வளவும் சரி. நோயைத் தருவது அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்ற ஒன்று, பார்வைக்குப் பங்கசு மாதிரி, ஆனால் உண்மையான பங்கசு அல்ல. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும், தோலில் பழுதான இடம் கிடைத்தால் ஒட்டி உள்ளே வேர் விடும், தசையைத் தின்றுகொண்டு போகும். விரால், சின்னக் கெண்டை இனங்களைக் கடுமையாகப் பிடிக்கும். திலாப்பியாவும் பொதுக்கெண்டையும் இதைத் தாங்கும் இனங்கள், உங்கள் வலை காட்டியது அதைத்தான்.

ஏன் மாரியில்? 18 முதல் 22 பாகை வரையான குளிரில் மீனின் உடம்பு எதிர்த்து நிற்பது மந்தமாகிவிடும், ஆனால் அஃபனோமைசிஸ் அந்தக் குளிரிலும் வளரும். அதோடு பெருமழை விழுந்ததும் தண்ணீரின் உப்புச் சத்து ஐதாகி, காட்டு இலைகுழை அழுகிய நீர் வந்து சேர்ந்து அமிலத் தன்மை கூடும், அது தோலை அரிக்கும். கோடையில் லேர்னியா கடித்த ஓட்டை, வலையில் உரசிய காயம், கொக்குக் கொத்தியது, எல்லாம் அந்த வித்துக்குத் திறந்த கதவு. 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காமல் மாடுகள் செத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கரையில் நிற்கிற மாட்டைப் பார்க்கிறோம், தண்ணீருக்குள் நிற்கிற விராலைப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றி: இந்தப் புண் நோய் மனிதருக்கு வராது, லேர்னியாவும் வராது. ஆனால் புண் பட்ட விராலில் பற்றீரியாவும் குடியேறியிருக்கும், அதைத் தின்ன வேண்டாம், விற்கவும் வேண்டாம். சுத்தமான மீனை வடிவாக அவித்து, பொரித்து, கறி வைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.


கண்டாவளை வயல்:

அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மருந்தை இவ்வளவு லேசாக விட முடியாது. நான் விவசாயி, எங்கள் பிழையை நானே சொல்கிறேன். காலபோகத்தில், அதாவது மாரி நெல்லுக்கு, புல்லுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று என்று அடிக்கிறோம், அடித்து முடிந்ததும் டாங்கியை வாய்க்காலில்தான் கழுவுகிறோம். வாய்க்கால் அடுத்த குளத்துக்குத்தான் போகிறது. மழைக்கு முதல் நாள் யூரியா எறிந்தால் அதில் எவ்வளவு வயலில் நிற்கும்? போன வருடம் என் வயலுக்குக் கீழே உள்ள மடுவில் ஒரே இரவில் எல்லாம் செத்தது, மீன், கூனி இறால், தவளைக்குஞ்சு, தண்ணீர்ப் பூச்சி, ஒன்று மிச்சமில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது புழுவா, நோயா?


நுணுக்குக்காட்டி:

இல்லை அண்ணை, அது நஞ்சு. நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. நஞ்சு இனம் பார்க்காது, ஒரு நாளுக்குள் பூச்சி, இறால், மீன் என்று ஒன்றாக விழும். மூச்சுத் திணறல் என்றால் விடியப்புறம் விழும், பெரிய மீன் முதலில் சாகும், சின்னது சில தப்பும், காற்றைக் குடிக்கத் தெரிந்த விராலும் சுங்கானும் தப்பும். நோய் என்றால் ஒரு சில இனத்தை மட்டும் பிடிக்கும், நாள், கிழமை என்று இழுத்துக்கொண்டு போகும். செத்த மீனைப் பார்த்தவுடனே எது செத்தது, எது தப்பியது, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால் ஆய்வுகூடத்துக்குப் போகுமுன்னே பாதி விளங்கிவிடும்.

மருந்தை நான் லேசாக விடவில்லை. கொல்லாத அளவு மருந்துதான் எனக்குக் கூடப் பயம். மீன் சாகாது, ஆனால் செவுள் தடித்துவிடும், எதிர்ப்புச் சக்தி குறையும், பிறகு வழமையாக உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியே அதை விழுத்திவிடும். நாங்கள் புழுவைப் பார்த்துப் புழுதான் கொன்றது என்று எழுதி வைப்போம். யூரியா அமோனியாவாக மாறும். பாசி பச்சையாகப் பிடித்த குளத்தில் பின்னேரத்தில் தண்ணீரில் காரத் தன்மை (அமிலத்துக்கு எதிரானது) கூடும்போது அந்த அமோனியாவில் நஞ்சான பங்கு கூடும். டாங்கியை வாய்க்காலில் கழுவாமல் வயலுக்குள்ளேயே, வரம்பை விட்டுத் தள்ளிக் கழுவினாலே பெரிய உதவி.

ஒன்று சொல்ல வேண்டும், ஒட்டுண்ணி இருப்பது எல்லாம் கெட்ட தண்ணீருக்கு அடையாளம் இல்லை. சில புழுவுக்கு நத்தை வேண்டும், மீன் வேண்டும், பறவையும் வேண்டும், மூன்றும் இருக்கிற குளத்தில்தான் அது வாழும். கழிவு கலந்து நத்தை செத்த குளத்தில் அந்தப் புழுவும் இருக்காது, மீன் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், குளமோ செத்துக்கொண்டிருக்கும். குடலில் இருக்கும் முட்தலைப் புழுக்களை எடுத்துப் பார்த்தால், மீனின் தசையில் உள்ளதைவிடப் பல மடங்கு ஈயம் அந்தப் புழுவில் இருக்கும். தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் புழுவையே சோதிக்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.


நந்திக்கடல் கரை:

வாசித்துக்கொண்டு போகும்போது எங்கள் பக்கம் ஞாபகம் வந்தது. களப்பில் பிடிக்கிற மீன் சிலவற்றின் வாயைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு பூச்சி நாக்கு மாதிரிக் குந்தியிருக்கும், இரண்டு கறுப்புக் கண் வெளியே பார்க்கும். சின்னப் பிள்ளையில் பயந்து மீனை எறிந்திருக்கிறேன். ஆனால் அந்த மீன் கொழுப்பாகத்தான் இருக்கும், மெலிவது இல்லை. எங்கள் பக்கம் மீன் கூட்டமாகச் சாவது வேறு காலத்தில்: வட்டுவாகல் பக்கம் மண் மேடு அடைத்து, கோடை முழுக்கத் தண்ணீர் வற்றி உப்பு ஏறி நிற்கும்போது, அல்லது அதற்குப் பிறகு திடீரென மழை வெள்ளம் இறங்கி ஒரே நாளில் உப்பு இல்லாமல் போகும்போது. பூச்சி வருடம் முழுக்க இருக்கிறது, சாவு அந்த இரண்டு நேரம்தான்.


நுணுக்குக்காட்டி:

நான் இவ்வளவு நேரம் எழுதியதை நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பூச்சி சைமோத்தோவா இனம், நாக்கின் இரத்தத்தைக் குடித்து நாக்கு வாடியதும் அந்த இடத்தில் தானே இருந்துகொள்ளும், மீனும் அதை வைத்துக்கொண்டு சீவிக்கும். மீன் செத்தால் அதற்கும் வீடு இல்லை.

மீன் சாக வேண்டும் என்று விரும்புகிற ஒட்டுண்ணியும் உண்டு, பறவையின் வயிற்றுக்குப் போக வேண்டியவை. கலிபோர்னியாவில் உப்புச் சதுப்பில் ஒரு சின்ன மீனின் மூளையில் குடியிருக்கும் புழுவை ஆராய்ந்து 1996 இல் வெளியிட்டார்கள். புழு உள்ள மீன் மேலே வந்து புரண்டு மின்னும், அதனால் பறவையிடம் அகப்படும் வாய்ப்பு, மற்ற மீனைவிட 10 முதல் 30 மடங்கு.


வவுனிக்குளத்தான்:

தம்பி, ஒன்று கட்டாயம் செய்யுங்கள். ஒரு குளத்தில் நனைத்த வலையைக் காயவிடாமல் அடுத்த குளத்தில் போடாதீர்கள். நாங்கள் அந்தக் காலத்தில் அறியாமல் செய்தோம், பின்னேரம் இங்கே, விடியப்புறம் அங்கே என்று வலையை ஈரத்தோடு சைக்கிளில் கட்டிக்கொண்டு போனோம், பின்னாலேயே புண்ணும் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஒரு மாதிரி.


நுணுக்குக்காட்டி:

ஐயா சொன்னதுதான் முதல் வேலை. வலையையும் தெப்பத்தையும் வெயிலில் நன்றாகக் காயவிட்டால் அஃபனோமைசிஸ் வித்து தாங்காது. புண் மீனைக் கரையில் எறியாமல், தண்ணீரை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். உயிரோடு இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

சுண்ணாம்பு போடலாமா என்று யாராவது கேட்பார்கள். வீட்டுத் தொட்டி, வளர்ப்புக் குட்டை என்றால் போடலாம், குளம் முழுக்கப் போடுவது நடக்கிற காரியம் இல்லை. லேர்னியாவுக்கு என்று பயிருக்கு அடிக்கும் மருந்தைக் குளத்தில் ஊற்றச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீரில்தான் மாடும் குடிக்கிறது, பிள்ளைகளும் குளிக்கிறார்கள்.

குளத்தில் மீன்குஞ்சு விடும்போது மீனவர் சங்கத்தில் கேட்டு, பையைத் திறந்து பத்து இருபது குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள், செட்டை அடியில் நூல் இருக்கிறதா, உடம்பில் வட்டமாக ஒட்டிக்கொண்டு நகரும் மீன் பேன் இருக்கிறதா என்று. இருந்தால் விடவேண்டாம், நெக்டா (அரசின் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை) உத்தியோகத்தரிடம் அங்கேயே காட்டுங்கள். கோடையில் தண்ணீர் நடுவில் ஒடுங்குமுன், ஆடியிலேயே பெரிய மீனைப் பிடித்துக் குறைத்தால் நெருக்கமும் குறையும், உங்களுக்கும் காசு.

சோதனைக்குக் கொடுப்பதென்றால் செத்து நாறிய மீன் உதவாது. புண்ணோடு உயிரோடு நிற்கிற இரண்டு மூன்றைப் பிடித்து ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள்.


ஒட்டுசுட்டான் பெடியன்:

அக்கா, ஐயா, அண்ணை, எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். மூன்று விரால் பிடித்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம், முடிவு வர நாள் எடுக்குமாம். அப்பா வலையை முதலில் காயப்போட மறுத்தார், ஒரு நாள் தொழில் போகுமே என்று. பிறகு வவுனிக்குளத்து ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, விடியப் பார்த்தால் வேலி நீளத்துக்கு வலை விரித்திருக்கிறது. மழை இருட்டாகவே இருப்பதால் காய இரண்டு நாள் எடுத்தது.

சங்கத்தில் கதைத்து, புதைப்பதற்கு அலைகரைக்கு வெளியே ஒரு இடம் ஒதுக்கினார்கள். இதுவரை 40 விரால் புதைத்துவிட்டோம்.

இன்னொன்று. நேற்று அம்மா திலாப்பியா வெட்டும்போது கூப்பிட்டா. செவுளுக்குக் கிட்ட, தோலுக்கு அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் மணி மூன்று. நகத்தால் கீறினால் உள்ளே புழு நெளிகிறது. அம்மா மீனைப் பூனைக்குப் போடப் போனா, நான் மறித்து வைத்திருக்கிறேன். இதுவும் அந்த நோயா?


நுணுக்குக்காட்டி:

இல்லை தம்பி, அது மஞ்சள் புழு, கிளினோஸ்டோமம். அதன் தாய்ப்புழு இருப்பது கொக்கின் வாய்க்குள், தொண்டையில். கொக்கு தண்ணீரில் அலகை வைக்கும்போது முட்டை விழும், அது நத்தைக்குள் போய், நத்தையிலிருந்து வெளியேறி மீனின் தசையில் மணியாக உறங்கும், கொக்கு அந்த மீனை விழுங்கும்வரை. கோடையில் தண்ணீர் ஒடுங்கி, கொக்கு, நத்தை, மீன் எல்லாம் ஒரே இடத்தில் நின்றபோது ஏறியிருக்கும். மூன்று மணியால் மீனுக்கு ஒன்றும் இல்லை. கத்தி நுனியால் அதை எடுத்துவிட்டு, நன்றாக வேகவைத்தால் கறிக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டின கழிவைக் குளத்தில் கொட்டாமல் விட்டால் சரி. பூனைக்கும் பச்சையாகப் போட வேண்டாம்.

எத்தனை மீன் வெட்டினீர்கள், எத்தனையில் மணி இருந்தது என்று எண்ணி வையுங்கள். புரட்டாதியில் திரும்ப எண்ணலாம்.


ஒட்டுசுட்டான் பெடியன்:

பதினொரு மீன், இரண்டில் இருந்தது. பழைய கொப்பி ஒன்றில் இன்றைய திகதி போட்டு எழுதிவிட்டேன், துருசுப் (மதகுப்) படியில் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதையும் சேர்த்து. அம்மா இப்போது அடுப்பில் வைத்திருக்கிறா, புளி கூட விட்டு.